காது கேளாத பாசி

"உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் ஆராய்ச்சிக்கு எழுதி வச்சிட்டியளா?"

"இருக்குக்கா. எனக்கும்தான் நாறுது."

"நாறுதுன்னு தெரிஞ்சேதான் கரைக்கியளா!"

"கரைக்கணும்லா."

பகவதி பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள். பின்புற மதிலை ஒட்டி எப்போதும் கிடக்கும் ஸ்டூல் அது. துணி காயப்போட வசதி என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். துணிக்கொடி மொட்டைமாடியில் இருந்தது என்பதை அந்த வீட்டில் யாரும் அவளுக்கு நினைவுபடுத்தியதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் சலோமி, நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டு, தன் குளத்தில் ஒரு வாளி சாணியை மூங்கில் கழியால் கலக்கிக்கொண்டிருந்தாள். சாணி மட்டுமென்றால் பகவதி பொறுத்திருப்பாள். கடலைப் புண்ணாக்கு, புளித்த கஞ்சித் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. வெயில் ஏற ஏற அந்த வாசம் மதில் தாண்டி, பகவதி வீட்டு அடுக்களை தாண்டி, ஹாலில் சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஞாயித்துக்கிழமை என் மகளைப் பொண்ணு பாக்க வாராவ. தெரியும்லா?"

"தெரியும்க்கா. ஆதிரை சொல்லிச்சு."

"சொல்லிச்சா? அப்போ தெரிஞ்சும்தான் இந்த வேலையா? மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்து இந்த வீட்டுல எலி செத்துக் கெடக்கோன்னு நெனைக்கணும், அதான உங்க ஆசை? கேளுங்க டாக்டரம்மா, நான் கார்ப்பரேஷன்ல புகார் குடுத்தாச்சு. மோட்டாரைக் கொண்டாந்து மொத்தத்தையும் உறிஞ்சிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுட்டுத்தான் போவாவ."

சலோமியின் கழி நின்றது. அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு பயம் தெரிந்தது. பகவதிக்கு அது திருப்தியாக இருந்தது. ஸ்டூலை விட்டு இறங்கினாள். சண்டையில் ஜெயித்தவர்கள் இறங்குவதைப் போலத்தான் இறங்கினாள், ஆனால் ஸ்டூலின் ஒரு கால் கொஞ்சம் ஆடிவிட்டது.

*

பொருநை நகர் மூன்றாம் தெருக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தெருவுக்கே கண்ணாடி மாதிரி குளம் கொடுத்தவள் இதே சலோமிதான்.

ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம் தெரிந்த அந்த மோசமான வருஷங்களுக்குப் பிறகு குளச் சட்டம் வந்தது. வீடென்று இருந்தால் கொல்லையில் ஒரு குளமும் இருக்க வேண்டும். கூரையில் விழுகிற மழை ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக்கூடாது. பாளையங்கோட்டையின் ஓரத்தில் இருந்த இந்தத் தெருவில் சிலர் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டினார்கள். ஒருவர் பூஜையறையையே இடித்துத் தோண்டி, வருண பகவானுக்கு அதைவிட நல்ல இடம் ஏது என்று சமாதானம் சொன்னார்.

குளம் வந்ததும் தவளை வந்தது, மீன்கொத்தி வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் பாசி வந்தது.

இன்றைக்கு வலை போட்டு அள்ளினால் நாளை மறுநாள் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். குளம் பச்சையானால் கொசு, கொசு வந்தால் காய்ச்சல் என்று மாநகராட்சி ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டது. தெருவில் அதற்குப் பருந்து என்று பெயர். பருந்து மேலிருந்து பார்த்துப் பச்சை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெரு ஆம்பிளைகள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி வழித்தார்கள். திங்கள்கிழமை எல்லாருக்கும் முதுகு வலி.

அப்போதுதான் சலோமி குடிவந்தாள். நாற்பத்தைந்தைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். கடற்கரையில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருஷம் கடல்பாசியைப் படித்தவள் என்று பகவதிதான் முதலில் கண்டுபிடித்துத் தெருவுக்குச் சொன்னாள். ஏன் அந்த வேலையை விட்டாள் என்பதைப் பகவதியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குறை அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

வந்த இரண்டாம் மாதமே சலோமியின் குளத்தில் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலிருந்தது. பகவதி ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு, சுவரோரமாக அவளை மடக்கினாள்.

"என்ன மருந்து போடுதீங்க?"

"மருந்து இல்லக்கா. ஒரு பொய்."

"பொய்யா?"

"பாசிக்கும் பேச்சு உண்டு. கூட்டம் கூடிப்போனா தண்ணியில ஒரு வாசனையை விடும். 'எடம் ரொம்பிட்டு, இனி யாரும் பெருகாதிய'ன்னு அர்த்தம். அந்த வாசனையைச் சும்மாவே விட்டுக்கிட்டு இருக்க ஒரு கிருமியை நான் வளத்து வச்சிருக்கேன். குளத்துல நாலு பாசி இருந்தாலும், நாப்பது கோடி பேர் நிக்காவன்னு நெனைச்சு ஒதுங்கிக்கிடும்."

"பஸ்ஸே காலியா வந்தாலும் கண்டக்டர் எடமில்லன்னு சொல்லுத மாதிரி."

சலோமி சிரித்துவிட்டாள். "அதேதான்."

"மீனுக்கு? மனுசாளுக்கு?"

"ஒண்ணும் செய்யாது. இந்தப் பேச்சு பாசிக்கு மட்டுந்தான் கேக்கும்."

பகவதி ஒரு சொம்பு வாங்கிப்போனாள். அப்புறம் எதிர் வீடு, அடுத்த வீடு. ஒரே ஒரு வீடு தவிர எல்லாரும் ஊற்றினார்கள். கிருமி தானே பெருகியதால் ஒரு தரம் ஊற்றினாலே போதும். பருந்து வந்து பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு தெருவா என்பதுபோல இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போகும். குடியிருப்போர் சங்கத்துக்குப் போட்டியே இல்லாமல் தலைவியாகிக்கொண்டே இருக்கும் பகவதி, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க தெருக் குளம்" என்று ஆரம்பித்துவிடுவாள். அரசாங்கத்திலிருந்து காரில் நாலு பேர் வந்து சலோமியிடம் பேசிவிட்டுப் போனார்கள். மாநிலத்திலுள்ள அணைகளுக்கெல்லாம் அவளுடைய பொய்யை ஊற்றப் போகிறார்களாம். அதையும் பகவதி மதில் வழியாகத்தான் கேட்டாள்.

*

அப்படிப்பட்டவள் இப்படிச் சாணி கரைத்தால் பைத்தியம் என்றுதானே நினைக்கத் தோன்றும்? பகவதி அப்படித்தான் நினைத்தாள். புகாருக்குத் துணையாக இன்னும் ஒரு குரல் இருக்கட்டும் என்று மறுநாள் காலையில் தெருமுனை வீட்டு முப்பிடாதியிடம் போனாள்.

முப்பிடாதி புருஷனை விட்டு வந்தவள். அவன் அடித்தானா, குடித்தானா என்று பகவதி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தும் "ஒத்துப்போகலக்கா" என்ற ஒரே பதில்தான் வந்தது. ஆனால் வெக்கை காலத்திலும் முழங்கை தாண்டிய ரவிக்கை போட்டுக்கொள்பவளிடம் அதற்கு மேல் கேட்கப் பகவதிக்கே மனம் வரவில்லை. கொல்லைக் குளத்திலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் வண்ண மீன் வளர்த்து, குஞ்சுகளை மதுரை வரைக்கும் அனுப்பித் தனியாக நின்றாள். தெருவில் சலோமியின் மருந்தை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். "பாசித் தண்ணிதான்க்கா குஞ்சுக்குத் தாய்ப்பால்" என்று பருந்து பிடிக்காமலிருக்க மாநகராட்சியில் தனி அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

பகவதி போனபோது தொட்டிகள் காலியாக இருந்தன. குளத்துத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் நாலைந்து பெரிய மீன்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"குஞ்சு எல்லாம் எங்கட்டி?"

"செத்துட்டுக்கா."

"எல்லாமா?"

"பாசி வரமாட்டேங்கு. சோத்துக்கு வழியில்லாம எல்லாம் பட்டினியில போயிட்டு. மாவு கரைச்சுப் போட்டேன், முட்டை மஞ்சக்கரு போட்டேன். அதெல்லாம் நாலு நாளைக்குத்தான்." முப்பிடாதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் வாராவாரம் வந்து நிக்கான். பொங்கல் வரைக்கும் பாப்பானாம். அப்புறம் சாமானை ஏத்திருவேங்கான்."

"அண்ணன் வீடுதான? போயி இருந்துட்டு வா."

"அண்ணன் வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? நல்லவன்தான். ஆனா ஊர்க்காரவ நாலு பேர் வந்து பேசினா, மச்சானைக் கூப்பிட்டுத் திண்டு போட்டு உக்கார வச்சிருவான். அதுக்கப்புறம் நான் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தான்." அவள் கை தன்னையறியாமல் முழங்கையைத் தடவியது. "போயிருந்துருவேன்க்கா. உசுரோட இருப்பேனான்னுதான் தெரியல."

பகவதி வந்த காரியத்தை மறந்து நின்றாள். சும்மா கிடக்க முடியாத நாக்கு மட்டும் கேட்டது: "அப்போ அந்த டாக்டரம்மா மருந்து ஒன் தண்ணியிலயும் ஏறிட்டா?"

"ஏறிட்டு. ஆனா அவுகளைக் குத்தம் சொல்லாதீங்க. அவுகதான் ராப்பகலா எனக்காகக் கெடந்து கஷ்டப்படுதாவ. அந்தச் சாணி, புண்ணாக்கு எல்லாம் எதுக்குன்னு நெனைச்சீங்க?"

*

பகவதி அன்றைக்கு ஸ்டூலில் ஏறவில்லை. முன்வாசல் வழியாகப் போய் அழைப்பு மணியை அடித்தாள். சலோமி குடிவந்த இத்தனை காலத்தில் இதுதான் முதல் தடவை.

குளத்தங்கரையில் சலோமி ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். பகவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். குளம் பழுப்பாக, குழம்பாக, மேலே நுரை கட்டிக் கிடந்தது.

"என்ன செய்யுதீங்கன்னு எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க."

"எடமில்லன்னு சொல்லுத குரலை இனி நிறுத்த முடியாதுக்கா. கிருமி மண்ணுலயே ஊறிட்டு. குளத்தைக் காயப்போட்டாலும் மழை பெய்ஞ்சா முழிச்சுக்கிடும். அதனால அந்தக் குரல் கேக்காத பாசி ஒண்ணு வேணும்."

"செவிட்டுப் பாசியா?"

"ஆமா. பொறக்கும். கோடியில ஒண்ணு கோணலாப் பொறக்கும்லா? பட்டினி போட்டா அதுவும் சேந்து செத்துரும். வயிறு முட்டச் சோறு போட்டா, மத்ததெல்லாம் எடமில்லன்னு ஒதுங்கி நிக்கையில, அது மட்டும் ஒண்ணும் கேக்காம உக்காந்து திங்கும். அது ஒண்ணு போதும். அதை முப்பிடாதி குளத்துல விட்டுருவேன்."

"அவ குளத்துலயே இந்தச் சாணியைக் கரைச்சா என்ன?"

"மிச்சமிருக்கது நாலு தாய் மீனு. இந்த நாத்தத்துல அதுவும் மெதந்துரும்."

பகவதி யோசித்தாள். யோசிக்கும்போது அவளுக்கு வாய் தானாகவே திறந்துகொள்ளும். நாற்றம் உள்ளே போனதும் மூடிக்கொண்டாள். "சரி, அந்தச் செவிட்டுப் பாசி நம்ம தெருவுக்கும் வந்துட்டுன்னா?"

"வரும். பறவைக் கால்ல ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் போகும். அதுக்கப்புறம் என் மருந்து எங்கயும் வேலைக்காகாது."

"அணைக்கு ஊத்தப் போறோம்னாவளே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன். நல்லவேளை, இங்கயே பாத்துட்டோம். அணையில ஊத்தி, அது வாய்க்கால்ல போயி, வயல்ல நின்னு, அத்தனை மீனுக்காரவளும் குளத்தைப் பாத்துக்கிட்டு நின்னா?" சலோமி கையுறையைக் கழற்றி உதறினாள். கை வெந்துபோயிருந்தது. "என்னைத் திட்டினாவ. இருபது வருஷப் படிப்பைச் சாணியில கரைக்கியேன்னாவ. கரைக்கேன்தான்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்க ஒரு தைரியம் வேண்டும். பகவதி அந்தப் பெண்ணை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள். நரைத்த முடி, வெயிலில் கருத்த கழுத்து, சாணி தெறித்த கன்னம். இத்தனை மாதம் மதில் மேலிருந்து பார்த்ததில் இதெல்லாம் தெரியவில்லையே.

"ஆனா ஒண்ணு சொல்லுங்க. முப்பிடாதிதான் உங்ககிட்ட மருந்தே வாங்கலையே. அவ தண்ணிக்கு எப்படிப் போச்சு?"

"எப்படியோ போச்சு. என் தப்பு."

"பறந்து போகுமா அது?"

"காத்துல போகாது. தண்ணியோடதான்..." சலோமி பாதியில் நிறுத்திவிட்டு, கழியை எடுத்து மறுபடியும் கலக்க ஆரம்பித்தாள். "விடுங்கக்கா. நான் செஞ்ச பொருளு. என் தப்புதான்."

அந்த அவசரம் பகவதிக்குப் பிடிபட்டுவிட்டது. ஊரார் மறைப்பதையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவளுக்கு இதுவா தெரியாது?

குளச் சட்டத்துக்குப் பிறகு தெருவில் புதிதாக முளைத்த ஒரு வழக்கம் உண்டு. யார் புதுக் குளம் வெட்டிப் பால் காய்ச்சினாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார்கள். தண்ணிச்சீர் என்று பெயர். வறண்ட காலத்தில் ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் கொடுத்துப் பிழைத்ததை மறக்காமலிருக்க ஏற்பட்டது அது. சலோமி எந்த விசேஷத்துக்கும் போகாதவள். அப்போது அவளுக்கு இந்த வழக்கமே தெரியாது. முப்பிடாதி குளத்தைப் பெரிதாக்கிக் கட்டி, சாமி கும்பிட்டபோது, புருஷனில்லாத வீடு என்று தெருக்காரர்கள் தயங்கினார்கள். "அவளுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய?" என்று அதட்டி, எல்லார் கையிலும் குடத்தைக் கொடுத்து, குலவையிட்டு முன்னால் நடந்தது பகவதி. முதல் குடம் அவளுடையது. தெருவிலேயே தெளிவான தண்ணீர்.

"ஏ யம்மா" என்றாள் பகவதி. நாற்காலியில் இருந்தபடியே சரிந்துவிட்டாள். மூக்கிலிருந்த முந்தானையும் விழுந்துவிட்டது. "நான்லா ஊத்தினேன்!"

"நல்ல மனசோட ஊத்தினீங்க."

"இது தெரிஞ்சுமா இத்தனை நாளா நான் கத்துனதைக் கேட்டுக்கிட்டு நின்னிய?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டிய. முப்பிடாதிக்கும் தெருவுல உங்களை விட்டா யாரு இருக்கா? அவளுக்குத் தெரிய வேண்டாம்." சலோமி கழியை நிறுத்தாமலே சொன்னாள். "நான் கடலைப் படிச்சேன்க்கா. தெருவைப் படிக்கல. குளம்னா அவங்கவங்க வேலிக்குள்ளதான் கெடக்கும்னு நெனைச்சேன். மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் தண்ணி குடுப்பாவன்னு கணக்குல சேக்கணும்லா. அது எனக்குத் தோணவே இல்ல."

*

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பகவதி மாநகராட்சிக்குப் போன் போட்டுப் புகாரைத் திரும்ப வாங்கப் பார்த்தாள். கொடுப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. திரும்ப வாங்குவதற்கு இல்லை. போனில் பேசிய இயந்திரக் குரல் அவள் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். வீடு முழுக்க ஊதுபத்தி கொளுத்தினாள். ஊதுபத்தியும் சாணியும் சேர்ந்து ஒரு மூன்றாவது நாற்றத்தை உண்டாக்கின.

காலையில் பின்பக்கம் சலோமியின் குரல் கேட்டது. கூப்பிடுகிற குரல் இல்லை. யாரோ தடுக்கி விழுந்ததுபோல ஒரு சத்தம். பகவதி பட்டுச்சேலையோடு ஸ்டூலில் ஏறினாள்.

சலோமி முட்டி போட்டு உட்கார்ந்து குளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முப்பிடாதியின் அண்ணன் சுடலைக்கண்ணு, சாணி மூட்டையை இறக்கிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். உடன்குடிப் பக்கம் மாடு வைத்திருக்கும் பெரிய உருவம். பெண்டாட்டி இறந்து பல வருஷம் ஆயிற்று. தங்கச்சி மீனுக்குத் தேவையென்று வாராவாரம் சாணி கொண்டுவந்து போடுவது அவர்தான்.

பழுப்புக் குழம்பின் ஓரத்தில், ஒரு கல்லை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. இளசான, பளிச்சென்ற பச்சை.

"அதா?" என்றாள் பகவதி மேலேயிருந்து.

"அதுதான்க்கா." சலோமி இன்னும் குனிந்து முகத்தைக் கல்லருகே கொண்டுபோனாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தன் இருபது வருஷத்தை விழுங்கப் போகிற பாசியை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இன்னும் நாலு நாள் இப்படியே விட்டா எடுத்துக் குடுத்துரலாம். இப்போ தொட்டா அழிஞ்சுரும்."

அந்த நேரத்தில்தான் தெருவில் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. முன்னால் மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளைக் கார். பின்னால் மாநகராட்சியின் உறிஞ்சு லாரி.

கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஒரு காலை வெளியே வைத்தார், மூச்சை இழுத்தார், அந்தக் காலை மறுபடியும் உள்ளே எடுத்துக்கொண்டார். லாரியிலிருந்து சீருடைக்காரர் ஒருவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"சலோமிங்கவங்க வீடு எதும்மா? குளத்துல நாத்தம்னு புகார் வந்திருக்கு. சங்கத் தலைவி பகவதி குடுத்தது."

ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடிவந்த பகவதி வாசலில் ஒரு கையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். காரைப் பார்த்தாள். மாப்பிள்ளை நல்ல வேலையில் இருப்பவன், ஒரே பையன்; இந்தச் சம்பந்தத்துக்கு அவள் இரண்டு வருஷமாக விதைபோட்டு வந்தாள். லாரியைப் பார்த்தாள். தெருமுனையில் முப்பிடாதி ஓடிவந்து, பாதியில் நின்றுவிட்டதையும் பார்த்தாள். வந்தவர்களைக் கும்பிட்டு, குளத்தைக் காட்டி, அதோ அந்த வீட்டு நாற்றம்தான் என்று சொன்னால் இரண்டு காரியமும் ஒரே மூச்சில் முடிந்துபோகும்.

"பகவதி நான்தான். வீட்டு நம்பரை மாத்திக் குடுத்துட்டேன் தம்பி" என்றாள். அவள் குரலுக்குத் தெருவே திரும்பிப் பார்ப்பது வழக்கம். "நாறுதது எங்க வீடு."

"என்னம்மா?"

"எங்க வீட்டு செப்டிக் டேங்க் ஒடைஞ்சு போச்சு. ஒரு மாசமா ஊத்திக்கிட்டுக் கெடக்கு. வெக்கக்கேடா இருக்கேன்னுதான் அடுத்த வீட்டு நம்பரைக் குடுத்தேன். மோந்து பாருங்க, சாணி மாதிரியா இருக்கு? இது மனுசக் காரியம்!"

காரின் கதவு மூடிக்கொண்டது. மெதுவாக, மரியாதையாகத்தான் மூடியது. கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கி, "நாங்க இன்னொரு நாள் வாரோம்" என்றது. வண்டி லாரியைச் சுற்றித் திரும்பிப் போய்விட்டது.

சீருடைக்காரர் சந்தேகமாகச் சலோமி வீட்டுப் பக்கம் பார்த்தார். "எதுக்கும் அங்கயும் ஒரு பார்வை பாத்துருதேன்."

"ஏன், என் வார்த்தைக்கு மேல ஒரு பார்வையா? புகார் குடுத்தது நானு. நாத்தம் என்னுது. குழாயை இங்கன கொண்டா!" பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே குழாயின் முனையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

நல்ல நிலையில் இருந்த ஒரு செப்டிக் டேங்கை அன்றைக்கு மாநகராட்சி காலி செய்துவிட்டுப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் சலோமி அசையாமல் நின்றாள். முப்பிடாதி வந்து பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பகவதிதான், "எதுக்குட்டி அழுத? நானே அழல" என்று அதட்டினாள். அப்புறம் முந்தானையைத் தேடினாள். முகத்தைத் துடைக்கவா, மூக்கைப் பொத்தவா என்பது அவளுக்கே தெரியாது.

*

செவிட்டுப் பாசி முப்பிடாதியின் குளத்தில் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்குள் தண்ணீர் பச்சைப் பட்டாகிவிட்டது. தாய் மீன்கள் குஞ்சு பொரித்தன. மீன்கொத்திகள் தங்கள் காலில் அந்தப் பாசியைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கண்ணாடிக் குளங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பருந்து மறுபடி கோபமாகச் சுற்றியது. ஆம்பிளைகள் மறுபடி ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். யாரோ சலோமியைத் திட்டியபோது, அவர் வீட்டு வாசலில் போய்ப் பகவதி போட்ட சத்தத்தில் அதற்கப்புறம் அந்தத் தெருவில் அந்தப் பேச்சே எழவில்லை. தண்ணிச்சீரில் முதல் குடம் யாருடையது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

அந்த மாப்பிள்ளை நாகர்கோவிலில் பெண் எடுத்தான். ஆதிரை அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, அவனை முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணப் பேச்செடுத்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாள். முப்பிடாதியின் புருஷன் ஒரு தடவை நாலு பேரோடு வந்து பார்த்தான். சுடலைக்கண்ணுவே வாசலில் நின்று, தங்கச்சிக்கு வேலை கிடக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் ஏன் அன்றைக்கும் இந்தத் தெருவில் இருந்தார் என்று பகவதி கேட்டிருக்க வேண்டும். சாணியின் தேவை தீர்ந்த பிறகும் ஏன் வாராவாரம் வருகிறார் என்றாவது கேட்டிருக்கலாம். ஊரில் ஒரு இலை அசைந்தாலும் தெரிந்துகொள்ளும் பகவதிக்கு, தன் மதிலுக்கு அடுத்த பக்கத்தில், தன் ஸ்டூலுக்கு நேர் கீழே நடந்தது தெரியவில்லை. அத்தனை மாதமும் மூக்கைப் பொத்துவதிலேயே கவனமாக இருந்துவிட்டாள். சித்திரையில் சலோமியும் சுடலைக்கண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சர்ச்சுக்கும் போய், சுடலைமாடன் கோயிலுக்கும் போய்விட்டு, மாலையோடு வந்து நின்றபோது, தெருவிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான். அந்த வருத்தம் செப்டிக் டேங்க் வருத்தத்தைவிடப் பெரியது.

சலோமி உடன்குடிப் பக்கம் குடிபோய்விட்டாள். கடல் நடந்துபோகிற தூரம் என்கிறார்கள். அவள் வீட்டில் இப்போது தென்காசிப் பக்கத்து வங்கி அதிகாரி ஒருவர் குடியிருக்கிறார். அமைதியான மனிதர். குளத்தை நேரத்துக்கு வழித்துவிடுகிறார், சத்தமாக ரேடியோகூடப் போடுவதில்லை. பகவதி தினமும் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் கிடைக்காமல் இறங்குகிறாள்.